சுவருக்கு வெளியே இருக்கும் சிலிண்டர்

யூட்டா மாநிலத்தில் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது பிரைஸ் கேன்யன். அக்டோபர் மாத இரவு ஒன்பது மணி. நாங்கள் இழுத்து வந்திருந்த டிரெய்லர் வீட்டுக்குள் ஹீட்டர் நின்றுவிட்டது. விசிறி மட்டும் சுற்றியது; வந்தது குளிர்காற்று. மகள் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

டிரெய்லரின் முன்பக்கம், வண்டியோடு மாட்டும் இடத்தில், தலா ஒன்பது கிலோ புரோப்பேன் பிடிக்கும் இரண்டு சிலிண்டர்கள் நிற்கும். ஒன்று தீர்ந்திருந்தது. கணவர் டார்ச்சோடு போய் மற்றதை வேகமாகத் திறந்துவிட்டு வந்தார். ஹீட்டர் எரியவில்லை. அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார்.

"அடுப்பைப் பத்த வெச்சு விட்டுடலாமா? கொஞ்சம் சூடாவது வரும்."

மூடிய சின்ன அறையில் அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வேண்டாம் என்றேன். ஆனால் சோதித்துப் பார்க்க மட்டும் பற்றவைத்தேன். ஒரு பர்னரில் நகத்தளவு நீலம். இரண்டாவதைத் திருப்பியதும் இரண்டுமே துவண்டன. அப்படியென்றால் கோளாறு ஹீட்டரில் இல்லை. விசிறி வேகமாகச் சுற்றுவதால் பேட்டரியிலும் இல்லை. கேஸ்தான் போதுமான அளவு வரவில்லை.

டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து, பக்கத்து டிரெய்லர்க்காரர் வந்தார். என் கணவரிடம் மட்டும் பேசினார். குளிரில் கேஸ் உறைந்திருக்கும் என்றார். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும்; அன்றைய குளிர் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ரெகுலேட்டரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கணவரிடம் சொல்லத் தொடங்கினார்.

"நீ உள்ளே போ, குளிருது. நான் பார்த்துக்கறேன்" என்றார் கணவர். அக்கறையாகத்தான் சொன்னார்.

எனக்கு அம்மா நினைவு வந்தது. எங்கள் வீட்டு கேஸ் இணைப்பு அப்பா பெயரில். பதிவு செய்வது, 14.2 கிலோ சிலிண்டரை உருட்டி உள்ளே கொண்டுவருவது, மூடியைக் கழற்றி ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது, ரெகுலேட்டரை மாட்டியபின் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பது, எல்லாம் அம்மா. சிலிண்டர் கொண்டுவருபவர் மட்டும் ஒவ்வொரு முறையும் "சார் இல்லையா?" என்று கேட்பார். ஏழைக் குடும்பங்களில் பெண்ணின் பெயரிலேயே இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-இல்தான் வந்தது.

அம்மாவின் மகளான நான் இந்தச் சிலிண்டர்களை ஒருமுறையும் தொட்டதில்லை. அடுப்பு உள்ளே, என் வேலை. சிலிண்டர் சுவருக்கு வெளியே. அதனால் அது 'வண்டி', அவர் வேலை. அந்தப் பிரிவினையை யாரும் என்மேல் திணிக்கவில்லை. வசதியாக இருந்ததால் நானும் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் வரும் வழியில், படிக்க வேறெதுவும் இல்லாமல், கையேட்டைப் படித்திருந்தேன். குழாயைச் சிலிண்டரில் இணைக்கும் திருகில் ஒரு காப்பு உண்டு. குழாய் அறுந்தால் கேஸ் கொட்டிவிடாதபடி, திடீரென்று அதிகம் பாய்ந்தால் அது வழியை அடைத்துச் சிறிதளவே விடும். காலிக் குழாய்க்குள் வால்வைச் சட்டென்று திறந்தாலும் அது ஏமாந்துபோகும்.

"இருங்க, ஒரு தடவை நான் பார்க்கறேன்."

அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்தேன். இரண்டு வால்வுகளையும் மூடி, திருகைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. இருவரும் கைகட்டி நின்றார்கள். மறுபடி மாட்டி, வால்வை மிக மெதுவாகத் திறந்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தடவினேன். குமிழி இல்லை. குழாயில் நின்ற காற்று வெளியேற முதலில் அடுப்பைப் பற்றவைத்தேன். சுடர் முழுசாக நின்றது. பிறகு ஹீட்டரைப் போட்டேன்.

மறுநாள் காலை பக்கத்துக்காரர் கணவரிடம் கேட்டார், சரியாகிவிட்டதா என்று.

"நாங்க சரிபண்ணிட்டோம்" என்றார்.

நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். சாம்பார் வைத்ததற்கு அவர் ஒருநாளும் 'நாங்கள்' சொன்னதில்லை. அது எப்போதும் முழுக்க என்னுடையதாகவே இருந்திருக்கிறது. காரில் ஏறியதும் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "ஆமா, நீதான் பண்ணே" என்றார்.

அடுத்த ஊரில் காலி சிலிண்டரை நிரப்ப நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். 80 சதவீதத்தோடு நிறுத்தினார் அங்கிருந்தவர். வெயிலில் விரிய இடம் வேண்டும். நிரப்பி முடித்ததும், என் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்தார், யாராவது இறங்கி வருவார்களா என்று.

நான் கையை நீட்டினேன்.