பின்பலகைக்குள் இருக்கும் மரம்

அமெரிக்க ஏரிகளில் ஓடும் பழைய அலுமினிய மீன்பிடிப் படகுகளில் மோட்டாரின் முழுப் பாரத்தையும் தாங்குவது ஒன்றரை அங்குலக் கனமுள்ள பிளைவுட் பலகை. படகின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் தட்டையான சுவரை டிரான்சம் என்பார்கள். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரம், மேல்விளிம்பில் ஒரு அலுமினிய மூடி. மரம் இல்லாமல் தகடு மட்டும் இருந்தால் மோட்டாரின் கிளாம்பை இறுக்கும்போதே அது நெளிந்துவிடும். ஓடும்போது இன்னும் மோசம். உந்துவிசை பிறப்பது தண்ணீருக்குள் இருக்கும் விசிறியில். மோட்டாரின் நீண்ட கால் அதை ஒரு நெம்புகோலாக மாற்றி இந்தச் சுவரின்மேல் திருப்புகிறது. அலுமினியம் ஐம்பது வருடம் தாங்கும். மரம் அதற்கு வெகு முன்பே இற்றுப்போகும். மினசோட்டா மாநிலத்தில் வீட்டுக் கொல்லைகளில் புல் மூடிக் கிடக்கும் படகுகளில் பல, இந்த ஒரு பலகையால் அங்கே போய்ச் சேர்ந்தவை.

அந்தப் பலகையை மாற்றிக் கொடுக்கும் ஒரு பட்டறையைப் பார்க்க ஏப்ரலில் ஆட்டர் டெய்ல் கவுண்டிக்குப் போனேன். மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே காரில் மூன்று மணி நேரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள பகுதி. ஏரிகளில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உடைந்திருக்கவில்லை. மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை வால்ஐ மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும். அதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்று மாநிலமே பரபரக்கும். படகுப் பட்டறைகளுக்கு அது கல்யாண முகூர்த்த காலம்.

அலுமினியப் படகுத் தொழில் இங்கே வேர்விட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் பெருகிய அலுமினிய உற்பத்தி, போர் முடிந்ததும் வேறு வேலை தேடியது. போர் விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் அலுமினியத்தில் கனூ ஓடங்கள் செய்யத் தொடங்கியது. மினசோட்டாவில் 1946இல் அலுமாகிராஃப்ட் பிறந்தது. 1948இல் இதே கவுண்டியில் உள்ள நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் ஹோவர்ட் லண்ட் என்பவர் படகு செய்ய ஆரம்பித்தார். லண்ட் படகுத் தொழிற்சாலை இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறது. மரப் படகைப் போல வருடாவருடம் இடுக்கு அடைத்துச் சாயம் பூசும் வேலை அலுமினியப் படகில் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். விமானத்தின் உடலைப் பிணைத்த அதே ரிவெட் இந்தப் படகுகளின் உடலையும் பிணைத்தது.

பட்டறை என்பது தகரக் கொட்டகைதான். மூலையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எப்பாக்ஸிப் பசை இறுகுவதற்கு அந்தச் சூடு வேண்டும். வேலை செய்பவர்கள் இரண்டு பேர். பெரியவர், எழுபதைத் தாண்டியவர், இளமையில் படகுத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தவர். அவரோடு கூட்டாளியாக முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். விமானப் பழுதுபார்ப்பைத் தொழிற்கல்லூரியில் படித்தவர். ரிவெட் வேலையை இன்னும் முறையாகக் கற்றுத்தரும் இடம் அந்தப் படிப்புதான் என்றார்.

மேடையில் இருந்தது 1978இல் செய்த பதினாறு அடிப் படகு. தன் அப்பா வாங்கியது என்பதால் உடையவர் கழிக்க மனமில்லாமல் கொண்டுவந்து விட்டிருந்தார். பெரியவர் சிறு சுத்தியலால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கணீரென்று கேட்டது, நடுவில் மந்தமாயிற்று, கீழே சத்தமே எழவில்லை. பிறகு உட்புறத்தில் மெல்லிய பிட்டால் ஒரு துளை போட்டார். நல்ல பலகை என்றால் வெளிறிய, உலர்ந்த சுருள் வரும். இதில் வந்தது கறுத்த ஈரத்தூள். விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மழைக்காலக் காட்டுத் தரையின் மணம்.

பிரிக்கும் வேலை பொறுமையைச் சோதிப்பது. மூலைகளை மூடிய வார்ப்புகள், பலகையைத் தரையோடு பிணைக்கும் முட்டுகள், மேல்மூடி எல்லாம் ரிவெட்டில் நிற்பவை. ஒவ்வொரு ரிவெட்டின் தலைக்கும் நேர் நடுவில் குறி குத்தி, தலையை மட்டும் துளைத்தெடுத்து, தண்டைப் பின்பக்கமாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். பிட் ஓரம் சரிந்தால் தகட்டிலுள்ள துளை முட்டை வடிவமாகிவிடும். அதில் புது ரிவெட் சரியாக நிற்காது. அந்தப் பெண் பிட்டின் முனையைக் கட்டைவிரல் நகத்தோரம் வைத்து நிதானித்துத்தான் ஒவ்வொன்றையும் தொடங்கினார். கடைசியில் பலகையை உருவியபோது மேல்பாதி மட்டுமே பலகையாக வந்தது. கீழ்ப்பாதியை ஊறிய புண்ணாக்கை அள்ளுவதுபோல வாளியில் அள்ளிப் போட்டார்கள்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது அதற்குப் பின் நடந்ததைத்தான். வந்த துண்டுகளைத் தரையில் பழைய வடிவத்திலேயே அடுக்கி, எங்கே கறுத்திருக்கிறது என்று பெரியவர் காட்டினார். கறுப்பு பலகை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில இடங்களிலிருந்து கிளம்பி விரிந்திருந்தது. தண்ணீர் வடிக்கும் குழாய் பலகையை ஊடுருவும் இடம் ஒன்று. மீன் தேடும் கருவியின் உணரியைப் பொருத்தக் கீழ்ப்பகுதியில் போட்ட ஸ்க்ரூக்கள் இன்னொன்று. கருவி மாறும்போதெல்லாம் உணரியும் இடம் மாறியிருக்கிறது, பழைய துளைகள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. மோட்டார் போல்ட்களைச் சுற்றியும் கறுப்பு. ஆனால் ஓட்டையே இல்லாத மேல் ஓரத்தில் 1978ஆம் ஆண்டின் மரம் இன்னும் மஞ்சளாக இருந்தது. உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். மரம் சுத்தமாகப் பிளந்தது.

“ஏரியைக் குறை சொல்லுவாங்க. ஏரி ஒண்ணும் செய்யல. ஸ்க்ரூ போட்ட கைதான் செஞ்சது” என்றார் பெரியவர்.

அவர் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வளராது. முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மரத்திலும் காற்றில்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. மினசோட்டாவை ஒட்டிய சுப்பீரியர் ஏரியின் அடியில் நூறாண்டுக்கு முன் மூழ்கிய மரத்தடிகளை 1990களில் மேலே எடுத்து, அறுத்து, நல்ல விலைக்கு விற்றார்கள். பின்பலகைக்கு வாய்த்தது இரண்டுக்கும் நடுவிலான நிலை. ஒரு ஸ்க்ரூத் துளை வழியே நீர் புகும். இருபுறமும் தகடோ சாயமோ மூடியிருப்பதால் வெளியேற வழியிருக்காது. கோடை முழுவதும் ஈரம், போதுமான காற்று, மிதமான வெப்பம். குளிர்காலத்தில் அந்த நீரே உறைந்து விரிந்து பிளைவுட்டின் அடுக்குகளைப் பிரித்துவிடும். பூஞ்சைக்கு அடுத்த வருடம் வேலை இன்னும் எளிது. தொழிற்சாலையில் பலகையின் விளிம்புகளுக்கு ஒரு பூச்சுக் கொடுத்திருந்தாலே இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். அந்தச் சில நிமிட வேலையை மிச்சம் பிடித்ததற்கு முப்பது நாற்பது வருடம் கழித்து வேறொருவர் கூலி கொடுக்கிறார். இது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

மரம் இற்றுப்போகிறது என்றால் மருந்தேற்றிய மரத்தைப் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். நானும் கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே கிடந்த படகில் யாரோ சில வருடங்களுக்கு முன் கடையில் விற்கும் மருந்தேற்றிய பிளைவுட்டைப் போட்டிருந்தார்கள். மரம் திடமாக இருந்தது. அதை ஒட்டியிருந்த அலுமினியத் தகடு முழுக்க அம்மைத் தழும்புகள், ஒவ்வொரு குழியிலும் வெள்ளைப் பொடி. சூரியனை நோக்கிப் பிடித்ததும் ஊசிமுனை அளவுக்குப் பல இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. முன்பு அமெரிக்காவில் வீட்டு மரங்களுக்குக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தைத்தான் ஏற்றினார்கள். ஆர்சனிக் பயத்தால் 2003ஆம் ஆண்டு முடிவோடு அந்தப் பயன்பாட்டை விட்டுவிட்டார்கள். அதற்குப் பின் வந்த மருந்துகளில் செம்பு கூடுதல். ஈரமான இடத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். மரம் பிழைத்தது, படகு போயிற்று.

ஆகவே இந்தப் பட்டறையில் மருந்தில்லாத மரைன் பிளைவுட். அதில் உள் அடுக்குகளில் வெற்றிடம் இருக்காது, பசை தண்ணீருக்கு அசையாது. ஆனால் மரம் மரம்தான், ஈரம் பட்டால் அதுவும் இற்றுப்போகும். இற்றே போகாத செயற்கைப் பலகைகளும் கிடைக்கின்றன, விலைதான் பல மடங்கு. உடையவர் மரம் போதும் என்றிருந்தார். முக்கால் அங்குலப் பலகை இரண்டை எப்பாக்ஸியால் ஒட்டி, கிளாம்புகளால் நெருக்கி, ஓர் இரவு விட்டார்கள். அளவு எடுத்தது பழைய பலகையிலிருந்து அல்ல, அது ஊதிப் போயிருந்தது. தகட்டின் உட்புறத்தில் அட்டையை வைத்து அச்செடுத்து, ஜிக்சாவால் அறுத்து, பொருத்திப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பொருத்திப் பார்த்தார்கள்.

பிறகு துளைகள். இந்தப் பட்டறையின் வேலை மற்றவர்கள் வேலையிலிருந்து பிரியும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கால் அங்குல போல்ட்டுக்குக் கால் அங்குலத் துளை போட்டு முடித்துக்கொள்வது வழக்கம். இங்கே அரை அங்குலத்துக்குத் துளைக்கிறார்கள். அடியில் டேப் ஒட்டி, துளை நிறையக் கெட்டியாக்கிய எப்பாக்ஸியை வார்த்து, இறுகியபின் அதன் நடுவில் கால் அங்குலத் துளை போடுகிறார்கள். இனி போல்ட் தொடுவது எப்பாக்ஸிச் சுவரைத்தான். என்றாவது சீலன்ட் தளர்ந்து நீர் புகுந்தாலும் மரம் வரை போகாது. வடிகுழாயின் துளைக்கும் இதே மரியாதை. விளிம்புகளுக்கு மூன்று பூச்சு. முதல் பூச்சை விளிம்பில் வெட்டுப்பட்ட மரம் கண் முன்னாலேயே குடித்து உலர்ந்ததுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெண் அங்கே மறுபடி தடவினார், அதையும் குடித்தது. “இது குடிக்கிற தாகம் தீர்ற வரைக்கும் குடுக்கணும். இப்ப நாம குடுக்கலைன்னா பின்னாடி தண்ணியைக் குடிக்கும்” என்றார். இதெல்லாம் அலுமினியத் தகட்டுக்குள் மறைந்துபோகும் வேலை. படகு வாங்குபவர் யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை.

பலகை உள்ளே போனதும் ரிவெட். ஒருவரால் அடிக்கக்கூடிய பாப் ரிவெட் உண்டு. அதன் சாதாரண வகை நடுவில் துளையுள்ளது, நீர்மட்டத்துக்குக் கீழே ஆகாது. இவர்கள் போட்டது கெட்டி ரிவெட், அதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே அந்தப் பெண் காற்றுத் துப்பாக்கியோடு, உள்ளே பெரியவர் கையடக்க இரும்புக்கட்டியோடு. துப்பாக்கி ரிவெட்டின் தலையை அடிக்கும். மறுமுனை கட்டியில் மோதிச் சப்பி இன்னொரு தலையாகும். கணக்கு உண்டு: தகட்டுக்கு வெளியே நீளும் தண்டு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, சப்பிய தலையின் அகலமும் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. ஆனால் பெரியவர் அளக்கவில்லை. சத்தத்தின் சுருதி ஏறும்போது “போதும்” என்பார், துப்பாக்கி நின்றுவிடும். ஒரே ஒரு முறை பெரியவர் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் நிறுத்தினார். பெரியவர் குனிந்து தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த துளைக்குப் போனார்.

சாயம், டிரெய்லர், இருக்கைகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படகை டிரெய்லரிலேயே வைத்து உள்ளே சில அங்குலம் தண்ணீர் நிரப்பி, வெளியே சொட்டும் இடங்களை மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டார்கள். தளர்ந்த பழைய ரிவெட்களை மறுபடி அடித்து இறுக்கினார்கள். மரமும் பசையும் சில நூறு டாலர்தான், கூலி அதைவிடப் பல மடங்கு. கணக்குப் பார்த்தால் இதே வயதுள்ள இன்னொரு படகையே வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் படகின் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று தகட்டுக்கு மேலிருந்து யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கூலி எனக்கு நியாயமாகப் படுகிறது.

உடையவர் படகை எடுக்க வந்தபோது நானும் இருந்தேன். பலகையைக் கையால் குத்திப் பார்த்துவிட்டு, இனி நாற்பது குதிரைச்சக்தி மோட்டார் போடலாமா என்று கேட்டார். பெரியவர் படகின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சிறு தகட்டைக் காட்டினார். இருபது அடிக்குக் குறைவான படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு மோட்டார் என்று எழுதிய தகடு இருக்க வேண்டும் என்பது 1972 முதல் அங்கே சட்டம். இருபத்தைந்து என்று இருந்தது. “நான் போட்ட பலகை நாற்பதைத் தாங்கும். மத்த படகை நான் கட்டல” என்றார். உடையவர் வற்புறுத்தவில்லை.

மீன் தேடும் கருவியின் உணரியை எங்கே பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. அந்தப் பெண் ஏற்கெனவே அதற்கு வழி செய்திருந்தார். பின்பலகையின் வலது ஓரத்தில், எப்பாக்ஸி வார்த்த இரண்டு துளைகளில் போல்ட் முடுக்கி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டையை நிறுத்தியிருந்தார். எத்தனை கருவி மாற்றினாலும் ஸ்க்ரூவை அந்தக் கட்டையில்தான் போட வேண்டும், பலகையில் புதிதாக ஒன்றுகூடப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு, வடிகுழாயின் அடைப்பானைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். மினசோட்டாவில் சாலையில் படகைக் கொண்டுபோகும்போது அடைப்பான் திறந்திருக்க வேண்டும். ஓர் ஏரியின் சிப்பியும் களையும் இன்னொன்றுக்குப் போய்விடாமலிருக்க வந்த சட்டம் அது. பலகைக்கும் அது நல்லது என்றார்.