திண்ணை இருந்த உயரம்

நெய்வேலி நகரியத்தில் வளரும் பிள்ளைகள் மணி பார்க்கக் கற்பதற்கு முன்பே ஷிப்ட் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து உறங்கும் பகல்களில் வீட்டில் குக்கர் வைக்கப்படுவதில்லை. வாசல் மாமரத்தில் கல்லெறிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அன்று வேறொரு தெருவில் விளையாடப் போய்விடுவார்கள். யாரும் சொல்லித்தராத ஒழுங்கு இது. பிற்காலத்தில் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கப் போய், அங்கிருந்து எப்படியோ வீடியோவுக்குத் திரும்பிய எங்கள் இருவருக்கும் ஒலியைப் பற்றிய முதல் பாடம் அந்த மௌனமான பகல்களில்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

'எங்கள் இருவருக்கும்' என்று எழுதிவிட்டோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு வேலி உண்டு. எங்களில் ஒருவர் நகரியத்துக்குள், வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நேர்கோட்டுச் சாலைகளில், பலாவும் வேம்பும் நிழல்தரும் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தை சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தார். மற்றவர் மந்தாரக்குப்பம் பக்கம், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கான குடியிருப்பில் வளர்ந்தவர். ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு, ஒரே ஓவிய ஆசிரியர். ஆனாலும் ஒருவருக்குச் சோறு போட்ட குழிக்குள்தான் மற்றவரின் ஊர் போனது. இதைப் பற்றிக் கல்லூரி மூன்றாம் ஆண்டுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தது 2002இல். திங்கட்கிழமை விடியலில் ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என்று போகும். அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஊர்ந்து செல்லும் நேரத்தில் கொள்ளிடத்தை ஒரு கோட்டோவியமாவது போட்டுவிடலாம். முழு அளவுக் காகிதம் பொருத்திய பலகையோடு ஏறுகிறவர்களைக் கண்டக்டர்கள் விரோதிகளாகப் பார்ப்பார்கள். பலகைக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டவர் ஒருவர் உண்டு. காலையில் வகுப்பு, மாலையில் மகாமகக் குளக்கரையிலோ ரயில் நிலையத்திலோ மனிதர்களை வரைதல், இரவில் அறையில் ஒரே அடுப்பில் சோறும் வண்ணத்துக்கான வஜ்ஜிரமும். (இரண்டையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சியதில்லை என்று எங்களில் ஒருவர் இன்றும் சாதிக்கிறார்.) ரயில் நிலையத்தில் வரைவதில் ஒரு சிக்கல்: உறங்குகிறவர்கள் மட்டுமே அசையாமல் இருப்பார்கள். எங்கள் நோட்டுப் புத்தகங்கள் முழுக்கத் தூங்கும் மனிதர்கள். வேலை செய்யும் உடம்பைக் கோட்டில் பிடிப்பதற்குள் அது வேறொரு நிலைக்குப் போய்விடும்.

அசைவின் மீதான இந்த ஆற்றாமைதான் எங்களை வீடியோவுக்குக் கொண்டுபோனது. ஓவியப் பிரிவு மாணவர்களான எங்களுக்கு அது பாடமல்ல, நாங்களாகத் தேடிக்கொண்டது. அந்நாட்களில் சிறுபத்திரிகை நண்பர்கள் நடத்திய திரையிடல் ஒன்றில் ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த 'பீ' ஆவணப்படத்தைப் பார்த்தோம். மதுரையில் ஒரு தெருவை நாள்தோறும் துப்புரவு செய்யும் ஒரு பெண்மணியின் வேலையை உடன்நின்று பார்க்கும் படம். பின்னணி இசையும் விளக்கவுரையும் இல்லாமல், வேலை நடக்கும் நேரம் முழுதும் நம்மை அங்கே நிறுத்திவைக்கும் அந்தத் துணிவு எங்களை உலுக்கிவிட்டது. வேலையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் வேலை எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

காமிரா? மந்தாரக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் தோளில் வைக்கும் பானசோனிக் காமிரா இருந்தது. முகூர்த்த நாட்களில் அதைத் தொடக்கூட முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார். அதனால் எங்கள் படம் முழுவதும் ஆடிக்காற்றிலும் மார்கழிப் பனியிலுமே நடக்கிறது. பார்த்தவர்கள் சிலர் அதை அழகியல் தேர்வு என்று பாராட்டினார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு மினி டிவி நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட். ஒன்றில் அறுபது நிமிடம். எடுத்ததைக் கணினியில் ஏற்ற மீண்டும் அதே அறுபது நிமிடம் ஆகும். ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 13 ஜிபி இடத்தை விழுங்கும். நண்பரின் கணினியில் மொத்த வன்தட்டே 40 ஜிபி. ஆகவே எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதை நாடாவை ஓட்டி ஓட்டி, நோட்டில் நேரக்குறிப்பு எழுதித் தீர்மானிக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு நொடியையும் நாங்கள் குறைந்தது மூன்று முறை பார்த்தோம். பத்து நொடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடும் வழக்கம் அப்போது சாத்தியமே இல்லை.

முதலில் எடுத்தது ஷிப்ட் மாறும் நேரத்துச் சாலையை. 1895இல் லூமியர் சகோதரர்கள் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலையை விட்டுத் தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படமெடுத்ததை நாங்கள் அறிந்திருந்தோம். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்திலிருந்து தொடங்கி, நூறாண்டு கழித்து 1995இல் ஹாருன் ஃபரோக்கி அதே பெயரில் ஒரு கட்டுரைப் படம் செய்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரியவந்தது. சினிமாக் காமிரா தொழிற்சாலைக்குள் அரிதாகவே நுழைந்தது, பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டது என்று அதில் அவர் காட்டுகிறார். நாங்கள் நின்ற இடமும் வாசல்தான். சுரங்கம் பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதியின்றிக் காமிராவோடு நுழையலாகாது. ஆடிக்காற்றில் சட்டை படபடக்கச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து மறைந்த மனிதர்களை, தலைக்கவசம் மாட்டிய ஹேண்டில்பார்களை, டிபன் கேரியர்களை எடுத்தோம். நல்ல காட்சிகள். அவற்றில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதுதான் குறை.

நெய்வேலிக் கதை பலருக்கும் தெரிந்ததே. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்ட, கறுப்புத் துகள்களோடு நீர் வந்தது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பள்ளியில் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த பகுதி. அதில் வராதது குழியின் அன்றாடம். கடினமான மணற்கல்லை வெடிவைத்துத் தளர்த்துவார்கள். சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டிக் கன்வேயர் பெல்ட்டில் போடும். பெல்ட் அதை மைல் கணக்கில் கொண்டுபோய், ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குழியின் தரையே பிளந்துவிடும். ஆக, குழி ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்னால் தோண்டிப் பின்னால் மூடியபடி அது மெல்ல நகர்கிறது. முந்திரிக்காடுகளும் கிராமங்களும் அதன் பாதையில் இருந்தன. இந்த முந்திரிக்காட்டு மனிதர்களின் பேச்சைக் கண்மணி குணசேகரனின் எழுத்தில் படித்தவர்களுக்கு, எங்கள் ஆயா பேசியதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆயா என்பது எங்களில் இரண்டாமவருடைய அப்பாவின் அம்மா. இருவருமே ஆயா என்றுதான் அழைத்தோம். 2005 ஆடியில், குழியின் விளிம்பு தொலைவில் தெரியும் ஒரு மண்மேட்டுக்கு அவரை அழைத்துப்போனோம். பழைய ஊர் எங்கே இருந்தது என்று காட்டச் சொல்வது எங்கள் திட்டம். ஆயா நெடுநேரம் பார்த்தார். கோயில் இருந்த திசை, ஏரி இருந்த திசை, பனைமர வரிசை என்று வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு கையை நீட்டினார். காமிராவைக் கை காட்டிய பக்கம் திருப்பி, குழியின் தரையில் எதையோ தேடினோம்.

"கீழ எங்கடா பாக்குற? அங்க இல்ல. மேல பாரு. அந்தாண்ட, ஆகாசத்துல. அந்த ஒசரத்துலதான் நம்ப வூட்டுத் திண்ண இருந்துச்சி."

சட்டகத்தில் வெறும் வானம். நிலம் போய்விட்டதால், திண்ணை இருந்த இடம் அந்தரத்தில் காற்றாக நின்றது. ஆயாவின் கை அசையாமல் அதையே காட்டிக்கொண்டிருந்தது. அவர் யாரையும் ஏசவில்லை, அழவுமில்லை. திண்ணையில் யார் யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்பதை மட்டும் வரிசையாகச் சொன்னார்.

எங்களுக்குள் முதல் சண்டை அந்த வாரம் படத்தொகுப்பில் வந்தது. நகரியத்துக்காரர் ஆயாவின் முகம் வேண்டும் என்றார். சுருக்கங்களும் காற்றில் பறந்த நரைமுடியுமாக, ஓவியம் படித்த கண்ணுக்கு அது விட முடியாத முகம். பேரனோ முகம் கூடாது என்றார். "முகத்த வெச்சா ஐயோ பாவம்பானுங்க. கைய வெச்சா எங்க காட்டுதுன்னு பாப்பானுங்க." இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். கும்பகோணம் பஸ்ஸில் வெவ்வேறு இருக்கைகளில் உட்கார்ந்து போனோம். இறுதியில் கையும் வானமும் மட்டும் இருக்கும் நான்கு நிமிடங்களை வெட்டாமல் வைத்தோம். அது சரியான முடிவென்றே இன்றும் நினைக்கிறோம். முகத்தின் மீது இரக்கம் கொள்வது பார்வையாளருக்கு மிக எளிது. அந்த எளிமையைத் தராமல் இருக்க ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு.

அதைவிடக் கடினமான திரையிடல் நகரியத்து வீட்டில் நடந்தது. அப்பா பகல் தூக்கம் முடிந்து எழுந்து, பனியனோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார். அவர் முப்பதாண்டுகள் இயங்கவைத்த பெல்ட்தான் ஆயாவின் திண்ணையைத் தூக்கிப் போட்டது என்று படம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லாமலே அது அறை முழுக்க இருந்தது. நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையும் வானமும் வந்த இடத்தில், தொலைவிலிருந்து காற்றோடு வரும் பெல்ட்டின் இரைச்சல் மட்டுமே ஒலியாக இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அதுல ஒரு ரோலர் போயிருக்கு. கீச்சுனு வருது பாருங்க, பேரிங் தேஞ்சிருக்கு."

பிறகு, "அந்தம்மா இன்னும் இருக்காங்களா?" என்றார். இருக்கிறார் என்றோம். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கொல்லையில் பழுத்த பலா ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மந்தாரக்குப்பம் போய்வந்ததாக அம்மா சொன்னார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. காமிரா அங்கே இல்லை.

படம் இருபத்திரண்டு நிமிடம். கல்லூரி நண்பர்களும் இரண்டு இலக்கிய அமைப்புகளும் பார்த்தார்கள். பின்னர் நாங்கள் சென்னை வந்து, ஒருவர் விளம்பரத் துறையிலும் மற்றவர் பள்ளி ஓவிய ஆசிரியராகவும் ஆனோம். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் நிலக்கரிப் பகுதியிலிருந்து வந்த பிரபாகர் பாச்புதேயின் கரித்துண்டு ஓவியங்களையும் அசைவூட்டப் படங்களையும் பற்றி அறிந்தபோது, தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதைப் படித்துச் சற்றுநேரம் பேச்சற்றிருந்தோம். நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்திருந்தது எத்தனை சுரங்க ஊர்களில் நேர்ந்திருக்கிறது!

சோவியத் உதவியோடு எழுந்து 1962இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. எங்கள் சிறுவயது ஓவியங்கள் அனைத்திலும் பின்னணியில் நிற்கும் புகைபோக்கிகள் அவை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. வரப்பில் நின்றபடி யாரோ எடுத்த, கைநடுங்கும், செங்குத்துச் சட்டகம். எடுப்பவரின் மூச்சிரைப்பு கேட்கிறது. வாடகைக் காமிராவுக்கு ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எங்களைப் போல் நடுவில் நின்று படம்பிடிக்கும் ஆட்களும் அவருக்குத் தேவையில்லை. அதில் எங்களுக்கு நிம்மதியும் இருந்தது, லேசான பொறாமையும் இருந்தது.

சென்ற ஆண்டு, ஓடும் நிலையில் ஒரு பழைய காமிரா கிடைத்தபோது நாடாக்களைக் கணினியில் ஏற்றினோம். ஏழில் இரண்டு பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. ஆயாவின் நாடா தப்பியிருந்தது. படத்தில் சேர்க்காத பகுதியில், கையை இறக்கிய பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி, வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். பதினொரு நொடி முகம் தெரிகிறது. பேரன் அதை மட்டும் தனியே வெட்டித் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டார். பெல்ட்டின் கீச்சொலி அதிலும் கேட்கிறது.