வழுக்கிய சக்கரம்

எம்மிடம் 1990ஆம் ஆண்டுப் போர்ஷே 928 வண்டி ஒன்று உளது. தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில், மழைநாளொன்றில், பின்சக்கரம் ஒன்று வீணே சுழல மற்றது வாளா நின்றது. வழுக்கலை உணர்ந்ததும் எண்ணெயழுத்தத்தால் கிளச்சுத் தகடுகளை நெருக்கி, இரு சக்கரங்களையும் பிணைக்கும் ஏற்பாடு அதற்குண்டு. தகடுகள் தேய்ந்தன, கியர்ப்பெட்டியைப் பிரிக்கவேண்டும் என்றார் பட்டறைக்காரர். கூலியோ எமது மூன்று மாதச் சம்பளம்!

நாமே வண்டியடியிற் படுத்துப் பார்த்தோம். தகடுகளை நெருக்கும் சிறு சிலிண்டர் நனைந்திருந்தது. கசிந்தது கியர் எண்ணெயன்று, பிரேக் எண்ணெய். அழுத்தக் கலத்தை முதலில் தணித்தோம் (தணியாது குழாயைக் கழற்றுவோர் கண்ணை இழக்கவும் கூடும்). புதுச் சிலிண்டர் பொருத்தி, காற்றுக் குமிழி அறும்வரை எண்ணெய் பாய்ச்சினோம். காற்று நசுங்கும், அஃதிருக்க அழுத்தம் தகட்டை எட்டுவதெங்ஙனம்?

அடுத்த மழையில் அதே ஏற்றத்தை வண்டி தயங்காது ஏறிற்று. பட்டறைக்காரரிடம் இன்னும் சொன்னோமில்லை.