வாளித் திருடன்

ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பப் போவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். 2022-ஆம் வருசம், ஆகஸ்டு மாசம். அவனுடைய அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத்துக்குக் கூட்டுகிறவர். தூய்மைப் பணியாளர் என்று அரசாங்கம் பேரை மாற்றியிருக்கிறது. கையிலிருக்கிற வெளக்கமாறை மாற்றவில்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் அந்த அக்கா நேரே என்னிடம்தான் வந்துச்சு. "தாயி, நீ வந்து பேசும்மா. அவுக முன்னால எனக்கு வாய் வராது."

எங்கள் தெருச் சமுதாயக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இவனும் வருவான். அதனால் போனேன்.

தலைமையாசிரியர் ஒன்றும் மோசமான மனுசர் இல்லை. நோட்டு வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் வாங்கித் தருகிறவர்தான். என்னை உட்காரச் சொன்னார். அந்த அக்காவை உட்காரச் சொல்லவில்லை. பிறகு குற்றப் பட்டியலை வாசித்தார். தினமும் லேட்டு. வகுப்பில் தூக்கம். ஒரு பையனின் உதட்டைக் கிழித்துவிட்டான். கடைசியாக, கக்கூஸ் கழுவ வைத்திருந்த வாளிகளைத் திருடிவிட்டான். "ரெண்டு மாசத்துல மூணு வாளிம்மா. வெளக்கமாறு வேற. பசங்க எல்லாம் வாளித் திருடன்னுதான் கூப்புடுறானுக." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, நீ எம்.ஏ. படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா? எல்லாரும் உன்னை மாதிரி வந்துற முடியுமா? சிலதுக்கு அது ரத்தத்துலயே ஊறிருது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு பொம்பளப்பிள்ளையின் சிலேட்டை இவன் பிடுங்கி எறிந்தான் என்று அடிஸ்கேலால் முதுகில் நாலு போட்டு, "போடா ரவுடி" என்று நான் விரட்டியிருந்தேன். ஏன்டா எறிந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையேறி சாதியை வெளுத்து வாங்குகிற நான், எங்கள் தெருப் பிள்ளைக்கு அவர் வைத்த அதே பேரைத்தான் வைத்திருக்கிறேன். அவர் ரத்தம் என்றார், நான் ரவுடி என்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ரத்தக் கதைக்கு வயசு அதிகம். 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்த குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே குற்றவாளி என்று சர்க்கார் பேரேட்டில் எழுதலாம் என்றாயிற்று. 1952-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதில் பதியப்பட்ட சாதிகள் வேறு, எங்கள் சாதி வேறு. ஆனாலும் அந்தப் புத்தி எங்கும் போகவில்லை. ஆசிரியர் அறைகளில் டீ குடிக்கும் நேரத்தில் போய் நின்று கேளுங்கள். 'அந்தத் தெருப் பசங்க' என்று ஆரம்பிக்கும்.

டி.சி. விசயத்தில் சட்டம் எனக்குத் தெரியும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. அது பள்ளிக்கும் தெரியும். அதனால் அவர்கள் வெளியேற்றுவதில்லை. "நீங்களே டி.சி. வேணும்னு எழுதிக் குடுத்துருங்க" என்று தாய் தகப்பனிடம் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எழுதிய தாளும் மேசைமேல் தயாராக இருந்தது. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மாதர் சங்கக் கூட்டத்துக்குக்கூட நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை. நாலரைக்கு அந்த அக்கா எழுந்திருக்கும். ஐந்தரைக்கு வருகைப் பதிவு. பிந்தினால் அன்றைய கூலி போச்சு. அப்பன் ராத்திரியெல்லாம் செப்டிக் டேங்க் லாரியோடு போய்விட்டு விடியும் நேரத்தில் வந்து விழுவார், குடித்திருப்பார். குடிக்காமல் அந்தக் குழிப் பக்கம் நிற்க முடியாது என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மூன்று வயசுத் தங்கச்சி அண்ணன் பொறுப்பு. கழுவிவிட வேண்டும், தலைசீவ வேண்டும், பழைய சோறு இருந்தால் ஊட்ட வேண்டும். அங்கன்வாடியில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கன்வாடி திறக்கும் முன்பே பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது. அந்த வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிச்சத்தத்தைக் கேட்டபடி அவன் நின்றதைப் பார்த்தேன். திறந்ததும் பாப்பாவை உள்ளே விட்டுவிட்டு ஒரே ஓட்டம். அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த மாசம் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான். இவன் ஒரு வகுப்பு தாண்டிவிட்டான்.

லேட்டாக வருகிற எல்லோருக்கும் தண்டனை உண்டு. ஊர்த்தெருப் பிள்ளை பிந்தினால் வெளியே நிற்கும், அல்லது மைதானத்தைச் சுற்றி ஓடும். எங்கள் பிள்ளை பிந்தினால் கக்கூஸ். யாரும் உத்தரவு எழுதி ஒட்டவில்லை. "அவனுக்குப் பழக்கந்தானே" என்று ஒரு ஆசிரியர் சொன்னாராம், அதுவே நடைமுறையாகிவிட்டது. கழுவிவிட்டு அவன் வகுப்புக்குள் வரும்போது பக்கத்துப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நகர்ந்து உட்காருவார்கள். "உங்கம்மா கழுவுனது பத்தலையாடா?" என்று கேட்ட பையனுக்குத்தான் உதடு கிழிந்தது. சாயங்காலம் என்னிடம் வருவதற்குள் அவன் பன்னிரண்டு மணி நேரத்தை இப்படிக் கழித்திருப்பான். அன்றைக்கு அந்தச் சிலேட்டில் அந்தப் பிள்ளை ஒரு வாளி வரைந்திருந்தது. அதை எறிந்ததற்குத்தான் நான் அடித்தேன்.

வாளி எங்கே என்று மூன்றாம் நாள் கேட்டேன். மறைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருக்கிறது, தண்ணீர் அடியில் கிடக்கும். எட்டிப் பார்க்கச் சொன்னான். ஒரு பச்சை வாளி பாசியோடு மிதந்தது. மற்ற இரண்டும் முங்கிவிட்டன. திருடியவன் விற்றிருக்க மாட்டானா? வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் அவன் அம்மா சந்தோசமாகத் தண்ணீர் பிடித்திருக்குமே. "வாளி இல்லாட்டி கழுவச் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேங்க்கா" என்றான். ஆனால் புதுசு வாங்கிவிடுவார்கள். அதையும் போடுவான். திரும்ப வாங்குவார்கள்.

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். "இதுதான் கலகம்! எழுதுங்க தோழர்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. பதினோரு வயசுப் பிள்ளை யாரிடமும் சொல்ல முடியாமல், மாட்டினால் அடி விழும் என்று நடுங்கிக்கொண்டே மதியத்தில் கிணற்றடிக்குப் போயிருக்கிறான். அவர்கள் அவனைக் குற்றவாளி என்கிறார்கள், நாம் வீரன் என்கிறோம். இரண்டு பேருமே அவன் காலையில் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

நான் பள்ளியில் 'நல்ல பிள்ளை'. கூட்டச் சொன்னால் கூட்டுவேன், நகரச் சொன்னால் நகருவேன். பத்தாம் வகுப்பு வரை ஒரு கேள்விக்கும் கை தூக்கியதில்லை. என் நன்னடத்தையைப் பற்றி எந்த ஆசிரியரும் கவலைப்பட்டதில்லை. சாத்தாராவில் படித்த காலத்தில் தான் உட்காரும் சாக்கைத் தானே தினமும் தூக்கிப் போய்த் தூக்கி வந்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லாமலே இருந்ததையும் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். சாக்கைச் சுமந்த பிள்ளையைப் பார்த்து அன்றைக்கு யாருக்கும் பிரச்சினை தோன்றியிருக்காது. அடங்கிக் கிடப்பதையும் சூழல்தான் செய்கிறது, அடிப்பதையும் சூழல்தான் செய்கிறது. அடங்கினால் குணம் என்கிறார்கள், அடித்தால் கோளாறு என்கிறார்கள்.

இதை எழுதும்போது ஒரு விசயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டியவர்களும் அவனோடு படித்த பையன்கள்தான். எங்கள் பையனுக்குச் சூழலைப் பார் என்று சொல்கிற நான், அந்தப் பையன்களுக்கு என்ன சொல்வது? பல ராத்திரி இதை நினைத்துத் தூங்கவில்லை. அவர்களும் தாய் வயிற்றிலிருந்து அரிவாளோடு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் சாதிக் கயிறு கட்டிவிட்டது யார், பள்ளிக்கூட வாசலில் கொடியும் பெருமையும் விற்றது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காக வெட்டியவனுக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு நியாயம் முதலில். ஆனால் பதினேழு வயசுப் பையனை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு, கயிறு கட்டிய பெரிய மனுசர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றையும் நெற்றியில் வைக்கும் சாதி அடையாளத்தையும் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. பள்ளிப் பேர்களில் ஒட்டியிருக்கும் சாதியை எடுக்கச் சொன்னது. பையன்களைத் திருத்துவதைவிடப் பள்ளியைத் திருத்தச் சொன்ன அறிக்கை என்றே நான் அதைப் படித்தேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். வாரம் முடிந்து பள்ளிக்குப் போனோம், தெருவிலிருந்து ஏழு பொம்பளைகள். கக்கூஸ் கழுவ வைப்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி கூடாது, வன்கொடுமைச் சட்டத்துக்கும் வேலை வரும் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தலைமையாசிரியர் வேர்த்துவிட்டார். "எனக்குத் தெரியாம நடந்துருச்சும்மா" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். கழுவ ஒரு ஆளைக் கூலிக்குப் போட்டார்கள். அவரும் எங்கள் தெரு ஆள்தான், அந்தச் சண்டை இன்னும் பாக்கி. மேசைமேலிருந்த தாளைக் கிழித்தார்கள். காலையில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுக் கிழவி சம்மதித்தது. அதற்குப் பிறகு வாளி காணாமல் போகவில்லை. அவன் லேட்டாவதும் குறைந்தது. கை நீட்டுவது உடனே நிற்கவில்லை. வருசக் கடைசி வரை ரெண்டு மூணு சண்டை இருந்தது. நான் ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன்.

பேசி முடித்து வெளியே வந்தபோது அந்த அக்கா கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றுச்சு. எல்லாரும் போய் எட்டிப் பார்த்தோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பி, "ஏய்யா, வெளக்கமாத்தையுமா போட்ட?" என்று கேட்டுச்சு.

"அதத்தாம்மா மொதல்ல போட்டேன்."