ஓர் ஆட்டமும் பல பிரதிகளும்

ஒரே நூலின் பிரதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதை அரபுக் கிதாபுகளிலும் தமிழ்ச் சுவடிகளிலும் நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றோம். ஓரிடத்தில் ஒரு சொல் மாறும். வேறோரிடத்தில் ஒரு வரியே காணாமற்போகும். அப்பாடபேதங்களை ஒப்புநோக்குவோர்க்கே அந்நூல் நடந்துவந்த பாதை புலப்படும். வீடியோ விளையாட்டுகளுக்கும் பாடபேதம் உண்டென்று நமக்கு அறிவித்தவன், சிங்கப்பூரில் பணிபுரியும் நம் சகோதரியின் மகன்.

அவன் பழைய விளையாட்டுகளின் பல நாட்டுப் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவன். ஒரு மாதச் சம்பளத்தை அதற்கே செலவிட்டான் என்றறிந்த அவன் தாய், "தங்கையின் நிக்காஹ் நெருங்குகையில் இது வீண்விரயம் அல்லவா?" என்று நம்மிடம் முறையிட்டாள். பொருளை அறியாமல் தீர்ப்புரைத்தல் முறையன்று. எனவே அவனை அருகிருத்தி விசாரித்தோம்.

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியின் கேட்ரிட்ஜுக்கு 60 முனைகள். அமெரிக்காவுக்கென 1985இல் வந்த கருவியின் கேட்ரிட்ஜுக்கோ 72. ஒன்றை மற்றொன்றில் நேரே பொருத்த இயலாது. உள்ளடக்கமும் மாறியது. 'கோன்ட்ரா' என்னும் ஆட்டத்தின் மனித வீரர்கள், ஐரோப்பாவில் 'புரோபோடெக்டர்' என்ற பெயரில் இயந்திர மனிதராயினர். வன்முறை ஆட்டங்கள்மீது ஜெர்மனியில் நிலவிய கடுங்கட்டுப்பாடே அதற்குக் காரணம்.

நம்மை வியப்பில் ஆழ்த்தியது பிறிதொன்று. 1998இல் வந்த 'ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைம்' ஆட்டத்தின் தொடக்கப் பிரதிகளில், நெருப்பாலயக் கட்டத்தின் இசையில் இஸ்லாமிய ஓதலின் ஒலி கலந்திருந்தது. பின்வந்த பிரதிகளில் அது நீக்கப்பட்டு வேறு குரலிசை அமைக்கப்பட்டது. பிரதிகள் இரண்டும் கைவசம் இருந்தாலன்றி இம்மாற்றத்தைக் காதால் கேட்டு உறுதிசெய்வது எங்ஙனம்?

விலையின் கதை வேறு. 'ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்' என்ற ஆட்டத்தின் உறை பிரியாத அமெரிக்கப் பிரதியொன்று 2010இல் 41,300 டாலருக்கு விற்றது. அதன் ஐரோப்பியப் பிரதியோ அதில் மிகச் சிறு பங்குக்கே கிடைக்கும். ஆட்டம் ஒன்றே. அமெரிக்கப் பிரதிகள் கடைகளை எட்டிய சிறிது காலத்திலேயே விற்பனையினின்றும் விலக்கப்பட்டமையால், எஞ்சியவை சொற்பம். அருமையே அங்கு விலையாகின்றது.

ஆதலின் நாம் உரைத்தது இது: உறையைப் பிரியாமல் விலையேற்றத்திற்குக் காத்திருத்தல் வணிகம், பிரித்து ஒப்பிட்டு அறிதல் கல்வி. இரண்டும் கூடாதன அல்ல. ஆயினும் தங்கைக்குரிய கடமை இரண்டிற்கும் முந்தியது.

அவன் மறுத்துரைக்கவில்லை. உறை பிரியாதிருந்த மூன்றினை விற்றுப் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தான். எஞ்சியவற்றை விற்க வேண்டாமென்று நாமே தடுத்தோம். பிரதிக்குப் பிரதி கண்ட வேறுபாடுகளை நாடும் ஆண்டும் குறித்து எழுதிவைக்குமாறு கூறி, கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் அளித்தோம். அதில் இருபது பக்கங்கள் நிறைந்துவிட்டன என்று அவன் உம்மாவே இப்போது பெருமையோடு சொல்கின்றாள்.