கால்வாய்க் கரையோரம் ஸைக்கிளில்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் செல்லும் நேயர்கள் கிழக்கே கடலைப் பார்ப்பார்கள். மேற்கே கூடவே வரும் பக்கிங்ஹாம் கால்வாயை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நாங்கள் இருவர், கணக்கு வாத்தியாரும் சித்திர வாத்தியாருமாக, ஸைக்கிளில் புறப்பட்டோம். போகவர 110 கிலோமீட்டர். வீட்டாரின் அபிப்பிராயத்தை இங்கே எழுதாமலிருப்பதே நலம்.

காலை 4.30 மணிக்கு மயிலாப்பூர் உறங்கிக்கொண்டிருந்தது. கால்வாயின் துர்நாற்றம் மட்டும் விழித்திருந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸைக்கிள் விடுவது சாமான்ய வித்தையன்று! ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே உள்ள இந்தச் சுமார் 8 கிலோமீட்டரையும் தோண்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள். 1877-78-ல் நிவாரண வேலையென்று மண் வெட்டிக் கூலி பெற்றார்கள். கால்வாய்க்கு வாய்த்தது அப்போதைய கவர்னரின் பெயர். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

திருவான்மியூர், முட்டுக்காட்டுப் பாலம் எல்லாம் விரைவில் கடந்தன. கோவளத்தில் கேளம்பாக்கம் சாலையில் திரும்பினோம். இருபுறமும் உப்பளங்கள். சாலையை விட்டுக் கரையில் இறங்கியதும் ஒற்றையடிப் பாதை. மணலும் முள்ளுமாக, பாதித் தூரம் ஸைக்கிளை நாங்கள்தான் சுமந்தோம். நகரத்தில் நாறிய அதே கால்வாய் இங்கே வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

முழங்காலளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு சிரித்தார்.

"பஸ்ஸு ஓடுதே, ஐயா! எதுக்கு இந்தப் பாடு?"

படகு ஓடிய காலம் தெரியுமா என்று கேட்டோம்.

"எங்கப்பன் படகுக்காரருங்க. பட்டணத்துக்கு விறகும் உப்பும் போகும். காத்து இருந்தா பாய், இல்லேன்னா கயிறு. கரையிலே நடந்தே இழுக்கணும். அந்தக் கயித்துத் தழும்பு அவரு தோளிலே கடைசிவரைக்கும் இருந்துது."

பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டு இந்தக் கால்வாய்ப் படகுப் பிரயாணத்தைப் பற்றியதே. வகுப்பில் அதை எத்தனையோ முறை கேட்டிருந்தும், படகிழுத்தோர் நடந்த கரை இதுதான் என்று அன்றுதான் உறைத்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீண்ட நீர்வழி அது. ரயிலும் லாரியும் வந்தபின் தேய்ந்தது. 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்கள் மிச்சத்தைத் தீர்த்தன.

திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சாளுவன்குப்பம் சேர்ந்தோம். 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலை மணலை அரித்துச் செல்ல, கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டது. அதைக்கொண்டு அடுத்த ஆண்டு தோண்டியபோது பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. சித்திர வாத்தியார் படம் எழுத உட்கார்ந்தார். அவரை எழுப்ப ஒரு மணி நேரமாயிற்று. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் அதை விட்டுவிடுகிறோம். இட்டிலி மட்டும் நன்றாயிருந்தது.

காலையில் முதுகைத் தள்ளிய வாடைக் காற்று, திரும்புகையில் மார்பில் மோதிற்று. கோவளம் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் ஸைக்கிள் ஏறக்குறைய நின்றேவிட்டது. இருவரும் இறங்கி, தலையைக் குனிந்து, கைப்பிடியைப் பற்றி வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"இந்தக் காற்றில் படகில் சுமையும் இருந்திருக்கும், இல்லையா?" என்றார் சித்திர வாத்தியார்.