வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

பிரியமான மகளுக்கு,

 

இரண்டு வேலை வந்திருக்கிறது, தேவ சித்தம் எதில் இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். வசனங்களை எழுதி அனுப்பலாம். ஓய்வுநாள் பள்ளியில் நீ மனப்பாடம் செய்தவைதான் அவை. அதனால் நம் திருநெல்வேலிச் சபையில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். நாம் வருஷாவருஷம் காணிக்கை கொடுக்கிற ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனெரி சங்கம் பிறந்த கதை இது. ஒரு மனிதர் தேவ சித்தத்தின்படி எப்படி நடந்தார் என்பதும் இதிலேயே இருக்கிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் மெஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா ஊர்ப் போதகர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். ஊர் ஊராகப் போய் வாலிபர்களிடையே ஊழியம். அதையே கடைசிவரை செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டுத் தாங்களே மிஷனெரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவர் மனதைக் குத்தியது. நம் சபையின் தொடக்க நாட்களில், பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கோயில் கட்டியது 1785-இல். நூறு வருஷத்துக்கு மேல் சுவிசேஷத்தின் நன்மையை அனுபவித்த நம் சபை, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வெள்ளைக்காரர் தர வாங்கிக்கொண்டே இருக்கலாமா? ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று ஐ.எம்.எஸ். தொடங்கியது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் சட்டம். அன்றைய நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதியை ஊழியத்துக்குத் தெரிந்துகொண்டார்கள். அங்கே தெலுங்கு பேசும் ஏழைக் கிராமங்கள். இன்றைக்கு அது தெலங்கானாவில் இருக்கிறது.

ஆட்களை அனுப்பியாயிற்று, பணம் சேர்த்தாயிற்று, செயலாளராகக் கணக்கும் பார்த்தாயிற்று. பிறரைப் போகச் சொல்கிற நான் ஏன் போகக்கூடாது என்ற கேள்வி அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் வந்து நின்றது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், குருப்பட்டம் பெற்றார், குடும்பத்தோடு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கில் பிரசங்கம் செய்யப் பழகினார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி எங்களை நண்பர்களாக நடத்துங்கள் என்ற பொருள்பட மேல்நாட்டாரின் முகத்துக்கு நேரே பேசினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

அவருடைய தோர்ணக்கல் திருமண்டலத்து மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தவர். நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் சத்துருக்கள் என்று சொல்லி அவற்றோடு போராடினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷம் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஐயோ என்று அந்த நிலையிலேயே சொல்ல வைப்பார். பெயர் எழுதத் தெரியாத கூலிக்காரனுக்கும் அங்கே ஓர் அழைப்பு இருந்தது. காணிக்கையும் அப்படித்தான். உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே கலயத்தில் போட்டு வைத்து, அந்தப் பிடியரிசியைப் பெண்கள் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இல்லாதவர்களின் வீட்டு அரிசி அது.

தோர்ணக்கல் பேராலயம் 1939-இல்தான் பிரதிஷ்டையானது. அவர் 1945 ஜனவரி 1 அன்று இறந்தபோது, அந்தத் திருமண்டலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் கூடியது முதல் அவர் உழைத்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. அதைக் காண அவர் இல்லை.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு மகளே. யாழ்ப்பாணத்தில் நின்றபோது, பேராயர் ஆவோம் என்று அசரியாவுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த கடமையைச் செய்தார். அதைச் செய்து முடித்த இடத்தில் அடுத்தது தெரிந்தது. ரோமர் 12-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பவுல் சொல்கிற வரிசையும் இதுதான்: முதலில் உன்னை ஒப்புக்கொடு, மனம் புதிதாகட்டும், தேவ சித்தம் இன்னதென்று அப்போது பகுத்தறிவாய். ஒப்புக்கொடுக்காமல் சித்தம் மட்டும் தெரிய வேண்டும் என்றால் நடக்காது.

உனக்கு வந்திருக்கிற இரண்டு வேலையும் நேர்மையான வேலை என்றால் பயப்படாதே. ஜெபம் பண்ணு, அப்பா அம்மாவிடம் பேசு, உங்கள் சபைப் பெரியவர்களிடம் கேள், ஒன்றைத் தெரிந்துகொள். ஒன்றை விட்டு மற்றதை எடுத்தாய் என்பதற்காக ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார். எங்கே போனாலும், அங்கே தனித்து விடப்பட்டவர் யார் என்று பார். அவரை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. முதல் சம்பளத்தில் செலவுக்கு முன்னால் காணிக்கையை எடுத்து வை. தேவ சித்தத்தில் உனக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதி இது. இதைச் செய்ய இந்த வாரமே தீர்மானம் பண்ணு.

உனக்காக ஜெபிக்கும்,
பெரியம்மா